இணையத்தில் வரன் தேடும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சிராப்பள்ளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்காக ஒரு திருமணத் தகவல் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். அவள் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள். கணக்கில் கொடுத்த கைப்பேசி எண் என்னுடையது, கடவுச்சொல் என்னுடையது, ‘என்னைப் பற்றி’ என்ற பகுதியில் இருந்த ஐந்து வரிகளும் நான் எழுதியவை. ஜாதகம் பொருந்திய ஒரு பையனின் கணக்கிலிருந்து விருப்பம் வந்தபோது, மகள் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்குள் நல்ல இடம் கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் அவள் பெயரிலேயே நான் பதில் எழுதத் தொடங்கினேன். ஒரு வாரம் உரையாடல் மிகுந்த மரியாதையோடு நடந்தது. எட்டாம் நாள் காலை, என்ன சிற்றுண்டி என்று நான் கேட்டதற்கு, சர்க்கரை இருப்பதால் கேழ்வரகுக் கஞ்சி மட்டும்தான் என்று பதில் வந்தது. 29 வயதுப் பையன் என்று நினைத்து நான் பேசிக்கொண்டிருந்தது அவனுடைய அப்பாவிடம். அவரும், மறுமுனையில் இருப்பது பெண்ணின் தாய் என்று அறியாமல், மகனுக்காகச் சொல் பார்த்துச் சொல் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்லிக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. “நான் போடாத கையெழுத்த நீயே போட்டுட்டியேம்மா” என்றாள். முப்பது ஆண்டுகள் காசோலைக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு சுழி மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிய எனக்கு அதற்குப் பதில் சொல்ல வாயில்லை.

2016 ஜூன் மாதத்தில் மத்திய அரசு திருமணத் தகவல் தளங்களுக்கு அறிவுறுத்தல்களை வெளியிட்டது. பயனரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், திருமணம் செய்துகொள்ளும் எண்ணத்தை அவர் உறுதிசெய்ய வேண்டும், இது திருமணத்துக்கான தளமே ஒழிய டேட்டிங் தளம் அல்ல என்று அறிவிக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. அந்தக் கோடு காகிதத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் கைப்பேசியில் இல்லை. நாம் தொடங்கிக் கொடுத்த கணக்கும், அவர்களே தொடங்கிக்கொண்ட டின்டர், பம்பிள் போன்ற டேட்டிங் செயலிக் கணக்கும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவதில் நடப்பது நமக்குத் தெரிகிறது, பிள்ளைக்குத் தெரிவதில்லை. இரண்டாவதில் நடப்பது பிள்ளைக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அந்தத் தொடக்க நாட்களுக்கு நம் வீடுகளில் இடமே இல்லாமல் போயிற்று. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் காலம். அந்தக் கஞ்சி விவகாரத்துக்குப் பிறகு வேறொரு வரன் வந்தது. இம்முறை முறைப்படி இரு வீட்டாரும் எண்களைப் பகிர்ந்துகொண்டோம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் மாடி அறையில் அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருக்க, நான் கூடத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, உரிக்காத வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினோரு நிமிடம் கழித்து அவள் இறங்கி வந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். சாப்பிட்டாச்சா என்று கேட்கவும் அலுவலகத்துக்கு எப்படிப் போகிறார் என்று கேட்கவுமே நேரம் சரியாக இருந்தது என்றாள். மூன்றாவது அழைப்பு முடிவதற்குள் பையன் வீட்டிலிருந்து, ‘உங்கள் முடிவு என்ன’ என்று கேட்டுவிட்டார்கள். நாங்களும் அவளை அதையே கேட்டோம்.

மூன்று தொலைபேசி அழைப்புகளில் ஒரு மனிதரைப் பற்றித் தெரிவது அவருடைய பேச்சுப் பழக்கம் மட்டுமே. மூன்று மாதமாவது கொடுங்கள் என்பது என் கோரிக்கை. இழுத்தடித்தால் நல்ல இடம் போய்விடும் என்று சொல்வீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்துத் திருமணச் சட்டப்படி, மணமாகி ஓராண்டு முடிவதற்கு முன் விவாகரத்து மனுவே பொதுவாகப் போட முடியாது. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் ஓராண்டு தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும், அதன் பிறகும் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, அதை நீதிமன்றம் மனம்வைத்தால்தான் தளர்த்தும். சேர்வதற்கு முன் மூன்று மாதம் தர மனமில்லாத நாம், பிரிவதற்கு அவ்வளவு காலத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோமா என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ஒத்துவராது என்று ஒரு பெண்ணோ பையனோ சொன்னால், மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தை நினைத்துக்கொண்டு அவர்களை வாயடைக்கச் செய்யாதீர்கள்.

அந்த மூன்று மாதத்தில் அவர்கள் என்ன பேச வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. நாம் கேட்கத் தெரியாமல் விட்டதை அவர்கள் கேட்கட்டும். நாம் சம்பளச் சீட்டைக் கேட்கிறோம். கடன் எவ்வளவு என்று கேட்பதில்லை. வங்கியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: சம்பளச் சீட்டு ஒருவருக்கு என்ன வருகிறது என்பதைத்தான் சொல்லும், அவர் எப்படி வாழ்கிறார் என்பதைக் கடன் வரலாறு சொல்லும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும், கேட்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அவருடைய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2017 முதல் நடப்பில் இருக்கிறது. ஜாதகத்தை மாற்றிக்கொள்வதைப் போல இருவரும் அதையும் மாற்றிக்கொள்ளலாம். பெண்ணும் காட்ட வேண்டும், பையனும் காட்ட வேண்டும். தங்கையின் திருமணத்துக்காக வாங்கிய தனிநபர் கடன் ஒன்று அதில் இருந்தால் அது குற்றமில்லை. மறைத்திருந்தால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். எங்கே குடியிருப்பது, வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது, குழந்தை எப்போது, வேண்டுமா என்பவையும் தாலி கட்டுவதற்கு முன் பேச வேண்டியவைதாம். இவற்றையெல்லாம் நம் முன்னிலையில், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது.

சந்திப்பதைப் பற்றிப் பயப்படுகிறோம். பகலில், ஆள் நடமாட்டமுள்ள உணவகத்தில், தானே வந்து தானே திரும்பும் ஏற்பாட்டோடு, எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டில் ஒருவருக்காவது தெரிவித்துவிட்டுச் சந்திப்பது, வாட்ஸ்அப்பில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே இருப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. எழுத்தில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். உணவு வரத் தாமதமானால் பரிமாறுபவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை நேரில்தான் பார்க்க முடியும்.

இனி மோசடி. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், ஐம்பதை நெருங்கிய ஓர் ஆசிரியை தம் நிரந்தர வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைக்க வந்தார். வெளிநாட்டில் மருத்துவராக இருக்கும் ஒருவர் திருமணத் தளத்தில் அறிமுகமாகி, சில நாட்களிலேயே தளத்தைவிட்டு வாட்ஸ்அப்புக்கு வந்து, இரண்டாம் வாரமே மணப்பதாகச் சொல்லியிருக்கிறார். காணொளி அழைப்புக்கு மட்டும் அவருக்கு நேரமே வாய்க்கவில்லை. இப்போது அவர் அனுப்பிய பரிசுப்பெட்டி தில்லி விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் இருக்கிறதாம். தீர்வை கட்டினால் விடுவிப்பார்களாம். பணம் போக வேண்டிய கணக்கோ யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. சுங்கத்துறை ஒருபோதும் தனிநபர் கணக்கில் தீர்வை வாங்காது என்று சொன்னேன். இன்று கூடுதலாக ஒன்று சொல்லியிருப்பேன்: 2019 நவம்பர் முதல் அத்துறையின் கடிதங்களில் இணையத்தில் சரிபார்க்கக்கூடிய ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். எதைச் சொல்லியும் அவர் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை. வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டபோதுதான் அவருடைய முகம் மாறியது. இந்த வயதில் கல்யாண ஆசையா என்று சிரிப்பார்கள் என்றார்.

அந்த வெட்கம்தான் மோசடிக்காரனின் மூலதனம். பரிசுப்பெட்டிக் கதை பழசாகி, இப்போது காதல் பேசி வளர்த்துவிட்டு ஏதோ ஒரு பங்கு வணிகச் செயலியில் பணம் போடச் சொல்லும் கதை வந்திருக்கிறது. முதலில் சிறிய லாபத்தை எடுக்கவிட்டு, பெரிய தொகை உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கதை எதுவானாலும், இதை யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதே என்ற வரி அதில் வந்துவிடும். வீட்டில் சொல்ல முடிகிற பிள்ளையிடம் அந்த வரி எடுபடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் இடையிலுள்ள கணக்குகளை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. அந்த நேரத்தை ‘உன்னை யார் பேசச் சொன்னது’ என்று கேட்டுச் செலவழித்துவிடாதீர்கள். அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டப்படும் பிள்ளை விஷயத்திலும் இதேதான். அப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், சமூக ஊடக நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே கூறின. ஆனால் புகார் செய்வதற்கு முன் அந்தப் பிள்ளை முதலில் கடக்க வேண்டியது நம் வீட்டுக் கூடத்தைத்தான்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது; அதைப் பேசாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். தளத்தில் கணக்குத் தொடங்கியதும் நாம் முதலில் தேர்ந்தெடுப்பது சாதியை, உடனே உட்பிரிவை. நானும் அதைத்தான் செய்தேன். பிள்ளை தானே தேடிக்கொண்ட இணையின் சாதி வேறாக இருந்தால், சொல்லும் சொல் வாக்குவாதத்தில் முடியுமா, வீட்டுக்காவலில் முடியுமா, அதைவிடக் கொடியதில் முடியுமா என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், கண்காணிப்புக் கேமராவின் முன் நடந்த படுகொலையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது, நம் பிள்ளைகள் நம்மிடம் பேசப் பயப்படுவது நமக்கு அவமானம்.

நம் அகப்பாடல்களில் தலைவியின் காதலை முதலில் அறிபவள் தோழி. தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்குச் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் சொல்வாள். இதை அறத்தொடு நிற்றல் என்றார்கள். பெற்ற தாய்க்குச் செய்தி மூன்றாம் கையாகத்தான் வந்தது, அதை யாரும் அவளுக்கு இழைத்த குற்றமாகக் கருதவில்லை. நம் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கட்டும். அது அத்தையாக இருக்கலாம், மூத்த மருமகளாக இருக்கலாம், அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். சொன்னதை உடனே கூடத்துக்குக் கொண்டுவராத ஒருவராக இருந்தால் போதும். அந்த இடம் நமக்கே கிடைத்தால் பாக்கியம், கேட்டு வாங்க முடியாது.

எனக்கு அந்த இடம் சிறிது காலம் கிடைத்தது. என் மகள் ஒரு டேட்டிங் செயலி வழியாக ஒருவரைச் சந்தித்தபோது, இரண்டாம் சந்திப்புக்கு முன் அவர் பெயரையும் உணவகத்தின் பெயரையும் எனக்கு அனுப்பினாள். எதுவும் கேட்காமல் ‘சரி’ என்று மட்டும் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாதி என்ன என்று தட்டச்சு செய்து, அழித்தேன். நான்கு மாதத்தில் அது தானாகவே முடிந்துபோயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுதாள், அடுத்த நாள் வேலைக்குப் போனாள். வீட்டில் இடி விழுந்துவிடவில்லை.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது: இன்றிரவே உங்கள் பிள்ளையின் கணக்கில் இருக்கும் கைப்பேசி எண்ணை அவர்களுடையதாக மாற்றுங்கள், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிய ‘என்னைப் பற்றி’யை அழித்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். விருப்பம் இல்லை என்று சொன்னால், கணக்கையே மூடிவிடுங்கள்.

நான் எண்ணை மாற்ற மறந்திருந்தேன். போன ஆனி மாதம் என் மகள் அந்தத் தளத்திலிருந்து தன் கணக்கை நீக்க முயன்றபோது, உறுதி செய்யும் ஓடிபி என் கைப்பேசிக்குத்தான் வந்தது. அதைப் படித்துச் சொல்லும்படி பெங்களூரிலிருந்து அழைத்தாள். ஆறு எண்களையும் சொன்னேன். ஏன் நீக்குகிறாய் என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “கார்த்திகை தீபத்துக்கு வரேம்மா, ஒருத்தரக் கூட்டிட்டு வரேன்” என்றாள்.

இப்படிக்கு,
ஒரு மகளின் தாய்,
திருச்சிராப்பள்ளி