பெயின்ட் அடித்தோம், எல்லைக்கல்லைத் தேடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகளின் படிப்புக்குக் கடன் கேட்டோம். ஏழரை லட்சத்துக்கு மேல் என்பதால் வீட்டை ஈடாகக் கேட்டார்கள். மதிப்புப் போட ஆள் வருவார் என்றதும், முன்சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்து, முற்றத்துப் புல்லைச் செதுக்கி வைத்தோம். 14,000 ரூபாய் போயிற்று.

வந்த பொறியாளர் பெயின்ட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லைக்கல் எங்கே அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். தெற்கு மூலைக் கல் செம்பருத்தி அடியில் மண் மூடிக் கிடந்தது. மண்வெட்டியால் கொத்திக் காட்டினோம். வடக்கு மூலைக் கல் கிடைக்கவே இல்லை. அப்புறம் நடைபாதையின் அகலத்தை அளந்தார், ஆட்டோ வருமா என்று கேட்டார். அடுக்களை மேல்தளத்தில் நீர் கசிந்த கறையைப் படம் எடுத்தார். பின்பக்கச் சாய்ப்புக்கு பஞ்சாயத்து அனுமதி கேட்டார். எங்களிடம் இல்லை. வீட்டு வரி ரசீதும் மின்கட்டண அட்டையும் மாமனார் பெயரிலேயே இருந்தன.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். எங்களை மாதக்கணக்கில் இழுத்தடித்தது பிரமாணம், அதாவது நிலப் பத்திரம். குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முந்திய பத்திரங்கள் இங்கே பல வீடுகளில் மலையாளத்தில்தான் இருக்கின்றன. எங்கள் மூலப் பத்திரத்தில் ஆண்டு 1124 என்று இருக்கிறது. மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு அது. 1948-49 என்று வங்கியில் நான் விளக்க வேண்டியிருந்தது. கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதை வரிவரியாக வாசித்துச் சொன்னார். அதில் 12 சென்ட். இன்றைய பட்டாவில் 10½. பழைய சர்வே எண் ஒன்று, ரீசர்வே எண் வேறு. இரண்டும் ஒரே மண்தான் என்று காட்ட கிராம அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடந்தேன். மொழிபெயர்ப்புக்குத் தனியாகச் செலவு. அதற்குள் கல்லூரியில் முதல் தவணை கட்டும் நாள் வந்துவிட, என் வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம்.

வங்கிகள் விண்ணப்பம் வாங்கும் அன்றைக்கே, என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் கொடுத்தால் எவ்வளவு உதவி! கல்லைத் தேடி வையுங்கள், வரி ரசீதைப் பெயர் மாற்றுங்கள், பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள் என்று அதில் இருந்தாலே போதும். மலையாளப் பத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைச் சார்பதிவாளர் அலுவலகங்களில் அரசு அமர்த்த வேண்டும். வாசித்துக் கொடுக்கும் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொன்று. மதிப்பீட்டுக் கட்டணம் நாங்கள் கட்டியது. அறிக்கையின் நகலை எங்களுக்கும் தர வேண்டும். அந்தச் சாய்ப்பைக் கணக்கில் சேர்த்தார்களா, விட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விளவங்கோடு வட்டம்