கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்த பிறகு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகள் வேலையில் சேர்ந்தாள், நாங்கள் வீடு மாறினோம், இரண்டும் ஒரே மாதத்தில். முதல் சம்பளம் வந்த அன்று இரவு என் அருகில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இதில் உண்மையிலேயே என்னுடையது எவ்வளவு?" என்று கேட்டாள். வரி, வாடகையில் அவள் பங்கு, படிப்புக் கடனின் தவணை எல்லாம் கழித்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து இரண்டு கட்டுரை எழுதிவிட்டேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதமாகப் பணத்தைப் பற்றி எழுதுகிறாய், படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், இதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய பத்துக் கட்டுரைகளையும் இரண்டு தடவை படித்தேன். நிறுத்தாதே. உனக்கு எழுத வருகிறது, சொல்வதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் பத்திலும் உன்னைக் காணோம். செலவைக் குறித்துவை, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கு, கடனைச் சீக்கிரம் அடை என்கிறாய். உன் வீட்டில் அப்படி ஓர் அவசரம் வந்தபோது ஒதுக்கிய பணம் எத்தனை நாள் தாங்கியது, எந்தச் செலவை விட மனம் வரவில்லை, யாரிடம் கைமாற்றுக் கேட்க நேர்ந்தது, இதைப் பற்றியெல்லாம் ஒரு வரிகூட இல்லை. அந்த நாட்களில் உன் கூடவே இருந்தவன் நான். நீ எழுதாமல் விட்டதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புவது.

நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் எழுதினேன். சேமிப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில் என் கிரெடிட் கார்டில் பாக்கி நின்றது, கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். உனக்கே இது இப்போதுதான் தெரிகிறது, இல்லையா? வீட்டில்கூட முழுத் தொகையைச் சொல்லவில்லை. எழுதும்போது ஒரு குரல், பில் வரும்போது வேறொரு குரல் என்று இரண்டு ஆளாக வாழ்வது எவ்வளவு களைப்பு என்று அப்போது புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கட்டுரையில் தப்பு செய்தேன். மாதம் 2 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்று பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டேன். என்னைப் போலவே பணத்தைப் பற்றி எழுதும் ஒரு பெண்மணி, அதுவரை அறிமுகமே இல்லாதவர், எனக்குத் தனியாக எழுதினார். பாக்கியைக் கட்டாமல் விட்டால் வட்டிக்கும் வட்டி ஏறும், ஆகவே 100 என்பது ஆண்டு முடிவில் 124 ஆகாது, 126.8 ஆகும் என்று பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாகப் போட்டுக் காட்டியிருந்தார். கடைசியில், "உங்கள் கட்டுரை எனக்குப் பிடித்தது, அதனால்தான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்" என்று ஒரு வரி. எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் தப்பை மறைக்காமல் அதே கட்டுரையின் தலையில் எழுதி, திருத்தியவருக்கு நன்றியும் சொன்னேன். அந்த வாரம் வந்த வாசகர் கடிதங்கள் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் வந்ததைவிட அதிகம். தன் தப்பை ஒத்துக்கொள்கிற ஆளிடம் பணத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று தோன்றியிருக்கிறது போல.

அவர் வழியாக இன்னும் நாலு பேர் அறிமுகமானார்கள், இப்போது ஆறு பேர். ஒருவர் கடனைப் பற்றி மட்டுமே எழுதுகிறார், இன்னொருவர் ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பைப் பற்றி. ஒருவர் நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறார், அது ரொம்பக் கஷ்டமான வேலை, ஏனென்றால் சேமிப்பைப் பற்றிய அறிவுரை எல்லாமே மாதா மாதம் ஒரே தொகை வரும் என்று நினைத்துக்கொண்டு சொல்லப்பட்டது. வெளியிடுவதற்கு முன் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்போம். எழுத்து நடையில் கை வைக்க மாட்டோம், எண்களை மட்டும் ஒருவர் உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்ப்பார். இந்த ஒரு பழக்கம் எங்களை எத்தனை தடவை காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லி முடியாது. ஆண்டுக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் மூன்று வருடக் கடன் மலிவு என்று எங்களில் ஒருவர் எழுதியிருந்தார். தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது, ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே கடைசி வரை போடப்படுகிறது. 100 வாங்கினால் மொத்தம் 130 திருப்பிக் கட்டுகிறோம், 36 சம தவணையில். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 18 சதவீதக் கடன். இதைக் கண்டுபிடித்த இரவு ஆறு பேருமே எங்கள் பழைய கடன் காகிதங்களைத் தேடி எடுத்தோம்.

அதற்குப் பிறகு ஒருநாள் என் கிரெடிட் கார்டு பாக்கியைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். முதலில் அவர்களிடம், அப்புறம் வீட்டில், அப்புறம் கட்டுரையில். எழுதி முடித்ததும் கை நடுங்கியது, உண்மையாகவே. தொகை, வட்டி, எத்தனை மாதமாக நிற்கிறது, எதற்காக ஏறியது எல்லாம் எழுதினேன். மாதா மாதம் மீதி எவ்வளவு என்று எழுதுவேன் என்றும் சொல்லிவிட்டேன். பத்தொன்பது மாதம் ஆனது அடைக்க. நடுவில் வேலை போன நாலு மாதத்தில் ஒன்றும் அடைக்க முடியவில்லை, அதையும் எழுதினேன். அந்த மாதங்களில் அந்த ஐந்து பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பேசினார்கள், ஒருவர் எனக்குத் தெரியாமலேயே தன் வாசகர்களிடம் என் எழுத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். என்னைப் படிப்பவர்கள் பெருகியது அப்போதுதான். புது ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் பழையதையும் தேடிப் படித்தார்கள், தங்கள் பாக்கித் தொகையையும் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களை இன்றும் வைத்திருக்கிறேன், யாரிடமும் காட்டியதில்லை.

இப்படிச் சேர்ந்து கணக்கு எழுதுவது புதிது என்று நினைத்திருந்தேன், இல்லை. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் குடும்பக் கணக்குப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார், கக்கேய்போ என்பார்கள். மாதம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு செலவுக்கும் இவ்வளவு என்று எழுதிவைத்து, அப்புறம் நடந்ததைப் பக்கத்தில் குறித்துப் பார்க்கும் முறை. அவரும் கணவரும் நடத்திய பெண்கள் பத்திரிகையின் வாசகிகள் 1930இல் நாடு முழுவதற்குமான ஒரு சங்கமாகவே சேர்ந்துவிட்டார்கள், வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதுவது அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் புத்தகத்தைவிட அந்த வாசகிகள்தான் மனதில் நின்றார்கள். கணக்குப் புத்தகம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மூன்றாவது மாதம் அதை மூடி வைக்கத் தோன்றும்போது கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. பல கடன் இருந்தால் எதை முதலில் அடைப்பது என்று ஒரு வருடமாக வாதம். வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்த வட்டி குறையும், கணக்குப்படி அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடனைப் பற்றி எழுதுகிற அந்த நண்பர், மிகச் சிறிய கடனை முதலில் முடிக்கச் சொல்கிறார், ஒரு கடன் அடியோடு ஒழிந்த சந்தோஷத்தில்தான் மனிதர்கள் அடுத்ததற்கு வருகிறார்கள் என்கிறார். நான் முன்பு கணக்கின் பக்கம் நின்றேன். பத்தொன்பது மாத அனுபவத்துக்குப் பிறகு பாதி அவர் பக்கம் வந்துவிட்டேன். வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பணம் வாங்கிக்கொண்டு எழுதுவதைப் பற்றி நீ கேட்டிருந்தாய். போன வருடம் ஒரு நிறுவனம் தன் முதலீட்டுத் திட்டத்தைப் பாராட்டி எழுதினால் கமிஷன் தருவதாகச் சொன்னது. தொகை சின்னது இல்லை, அப்போது எனக்குத் தேவையும் இருந்தது. வழக்கம்போல ஐந்து பேரிடமும் காட்டினேன். ஒருவர் அதன் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரியான மற்றதைவிட 1 சதவீதம் கூடுதல் என்றார். ஒன்றுதானே என்று தோன்றும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 100 என்பது முப்பது வருடத்தில் 761 ஆகிறது, கட்டணம் போய் 6 சதவீதமாகிவிட்டால் 574. கிட்டத்தட்ட கால்வாசியை அந்த ஒரு சதவீதம் தின்றுவிடுகிறது. என்னை நம்பிக் கடன் தொகையை எழுதி அனுப்பியவர்களிடம் போய் இதை வாங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? மறுத்துவிட்டேன். எழுதிச் சம்பாதிப்பது தப்பே இல்லை, நானும் கட்டணம் வாங்கிக்கொண்டு பட்ஜெட் போடச் சொல்லித்தருகிறேன். யாரிடம் எதற்கு வாங்குகிறோம் என்பதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடு, அது போதும்.

இன்னொன்று, இதை உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உன் ஏழாவது கட்டுரையில் முதல் வருடம் 50 சதவீதம் ஏறி அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கினால் சராசரி பூஜ்யம், போட்ட பணம் அப்படியே இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லைடா. 100 ஏறி 150 ஆகும், 150இல் பாதி போனால் 75. கால்வாசி காணாமல் போயிருக்கிறது. திருத்தி எழுது, பழையதை அழிக்காமல், இங்கே தப்பு செய்தேன் என்று சொல்லித் திருத்து. அது ஒரு நல்ல தனிக் கட்டுரையாகவே வரும், சராசரியைக் காட்டி விற்கப்படுகிற எத்தனையோ திட்டங்களைப் புரிந்துகொள்ள உதவும்.

எழுத விஷயம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே. மகள் இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறாள், இந்தச் சம்பளத்தில் கை வைக்க இடமில்லை, அடுத்த சம்பள உயர்வில் பாதியைச் சேமிப்பில் போடுவேன் என்று. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் இதைத்தான் செய்து பார்த்து 2004இல் எழுதினார்கள். வருங்கால உயர்விலிருந்து ஒரு பங்கைச் சேமிக்க இன்றே ஒப்புக்கொண்டவர்களின் சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதமாக இருந்தது 40 மாதத்தில் 13.6 ஆனது. இன்னும் கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது அவ்வளவு வலிப்பதில்லை. உன் மகனும் வேலைக்குப் போகிறானே, அவனிடம் பேசிப் பார், அவன் என்ன சொன்னான் என்பதிலிருந்து எழுதத் தொடங்கு.

உன்னைப் பற்றி மற்ற ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டேன். உன் நாலாவது கட்டுரையை ஒருவர் ஏற்கெனவே படித்துவிட்டார், அந்தக் காப்பீட்டுப் பகுதி நன்றாக இருக்கிறது என்றார். அடுத்ததை வெளியிடும் முன் எங்களுக்கு அனுப்பு. கடுமையாகப் பேச மாட்டோம், எண்களை விடவும் மாட்டோம். நீயும் எங்களுடையதைப் படித்துச் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் என்னுடையது ஒன்று வரும், மகளின் படிப்புக் கடனைப் பற்றி, அதில் தவணைக் கணக்கு நீளம், நீ பொறுமையாகப் போட்டுப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுது, உனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது கைமாற்று வாங்கியதைப் பற்றி. முதலில் வீட்டில் கேட்டுக்கொள். அவர்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் வேண்டாம், வேறு எழுதலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்