வாடகைக்காரருக்கு வெயில் கிடையாதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தில், 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முதலில் சொந்த மொட்டை மாடி வேண்டும். மானியம் போக மீதிப் பணத்தையும் புரட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பேனல் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய பில் பாதியாகிவிட்டது. கீழ் போர்ஷனில் இருப்பவர்களிடம் மட்டும் சப்-மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று இன்னும் வாங்குகிறார். கேட்டால், “போட்ட காசை எடுக்க வேண்டாமா?” என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

எங்கோ ஓரிடத்தில் பலர் பங்கு போட்டுப் பேனல் அமைத்து, கிடைக்கும் மின்சாரத்தை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லியில் 2019-லேயே விதிகள் வந்துவிட்டன. நம் மின் வாரியமும் வாடகைக்காரர்களை மனதில் வைத்து அப்படியொரு வழி செய்யட்டும். அப்புறம், அந்த சப்-மீட்டர் வசூலையும் யாராவது கவனித்தால் தேவலை.

– வாடகைதாரர் ஒருவர், மதுரை