இரவில் யார் இருப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளியூர் செல்லும்போது நாயை இரவு தங்க விடும் காப்பகங்களைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரப் படங்களில் புல்வெளியும் மெத்தையும் பளிச்சென்று இருக்கும். அவற்றை நம்பித்தான் ஒருமுறை என் நாயை விட்டேன். இரவானதும் ஊழியர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. திரும்பிவந்த நான்காம் நாள் வறட்டு இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் ஓயாமல் ஓங்கரித்தது. நாய்கள் நெருக்கமாக அடைபடும் இடங்களில் எளிதில் பரவும் தொற்று, அறிகுறி தெரிய 2 வாரம்கூட ஆகலாம் என்றார் மருத்துவர்.

இப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கிறேன். நாய்கள் படுக்கும் அறையைக் காட்டத் தயங்கினால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். தடுப்பூசிச் சான்று கேட்காத இடமும் வேண்டாம். என்னிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாய்க்கு மட்டும் கேட்டிருப்பாரா? நீண்ட பயணத்துக்கு முன் ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்க்கலாம். பழகிய உணவையே கொடுத்தனுப்புங்கள். திடீரென மாற்றினால் வயிறு கெடும். கூடவே என் பழைய போர்வை ஒன்றையும் அனுப்புகிறேன். அது நாயின் ஆறுதலுக்கா, என் ஆறுதலுக்கா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்