மகளுக்கு, ஆரையம்பதியிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

போன் எடுத்தால் 'லெக்சர்ல இருக்கன்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. சரி, பேராதனையில் புவியியல் படிக்கிற பிள்ளை. பெரியம்மாவின் மூத்தவன் போன புதன்கிழமை உன்னைக் கொழும்பில், வெள்ளவத்தையில் கண்டதாகச் சொன்னான். ஆள் மாறிக் கண்டிருப்பாய் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி ஏ.எல்.லுக்குக் கொமர்ஸ் எடுக்கப் போகிறானாம். நான் மறிக்கவில்லை. சடங்கு வீட்டில் சின்ன மாமா எல்லாருக்கும் முன்னால் "ஆர்ட்ஸ் படிச்சா காந்தி பூங்காவிலதான் போய் இருக்கோணும்" என்றது அவன் காதிலும் விழுந்ததுதானே. 2017இல் பட்டதாரிகள் வேலை கேட்டு மட்டக்களப்பில் அந்தப் பூங்காவில் மாதக்கணக்காகப் போராட்டத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் நம்முடைய ஒழுங்கையில் மெனேஜ்மென்ட் முடித்த பிள்ளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் போனாள். அதை மாமா சொல்லமாட்டார்.

மெனேஜ்மென்ட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கணக்கு வழக்குத் தெரிந்த பிள்ளைக்கு வங்கி, காப்புறுதி என்று கெதியாக வேலை கிடைக்கும். அதற்காகப் படிக்கிற பட்டத்தை யாராவது நடுவில் விடுவார்களா? சிமா மாதிரிக் கணக்கியல் சோதனைகளுக்குப் பட்டமே தேவையில்லை, பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எம்.பி.ஏ.க்கு எந்தப் பட்டத்தோடும் போகலாம், சில வருஷ வேலை அனுபவம் இருந்தால் சரி. மாமாவின் மனேஜரே பயோ படித்தவர்! பி.பி.ஏ. என்கிற மெனேஜ்மென்ட் பட்டத்தை முடித்துவிட்டுப் பிறகு விஞ்ஞானப் பக்கம் திரும்ப நினைப்பவருக்குத்தான் வழி இலேசில் கிடைக்காது. அதனால் முதலில் கையில் இருக்கிறதை முடி.

நம்ம காரைதீவுச் சுவாமி விபுலாநந்தரைப் பார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920இல் லண்டன் பி.எஸ்சி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் பழைய யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள், நீ புவியியல் எடுத்தபோது மூஞ்சியைச் சுளிக்கவில்லையே. பேராதனைக்குப் போன பிள்ளை என்று கண்ணகை அம்மன் கோயிலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இந்த மாரியிலும் வாவி நிரம்பி, அது கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டுகிற கதை வந்தது. படுவான்கரை வயல்காரருக்கு உடனே வெட்ட வேண்டும், பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது. வாவியில் வலை போடுகிறவர்கள் பொறுக்கச் சொல்கிறார்கள். வெட்டினால் வெள்ளம் இறங்கும், பிறகு உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். நட்டக் கணக்கை மாமாவும் போடுவார். எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது, மணல் திரும்ப எப்போது மூடும் என்று சொல்ல உன்னைப் போல ஒரு ஆள் வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

'கோர்ஸ் பீஸ்' என்று நீ கேட்ட காசைப் போட்டுவிட்டேன். கம்பஸில் பீஸ் ஏது மகள்? அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருக்கிறதை முடி என்றுதான் திரும்பவும் சொல்கிறேன்.

சோதனைக்கு இருக்க வரவு எண்பது வீதம் கேட்பார்கள் என்று முதல் வருஷம் நீதான் சொன்னாய். இப்போது உனக்கு எத்தனை வீதம் இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது. கஜுவும் அரிசிமாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து விடுகிறேன், ஹொஸ்டலில் நேரில் வாங்கிக்கொள். ஞாயிறு பின்னேரம் போன் எடு. அந்த நேரம் மாமா இங்கே இருக்கமாட்டார்.

அம்மா