இரவு 9.45க்கு ஒரு பஸ்: போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரப் பேருந்துச் சேவைக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஐயா, அம்மையீர் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை பூலோ ரயில் நிலையத்திலிருந்து எங்கள் தோட்டப்புற டவுனுக்கு வரும் கடைசி பஸ் மாலை 7.15க்குப் புறப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அட்டவணை போட்டவர்களே நீங்கள்தான். போன பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த 7.15 பஸ்ஸும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை யாரும் சொல்லவுமில்லை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை, பள்ளி விடுமுறை நாள்களில் இரவு 9.45க்கு ஒரு பஸ் விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஆறு வயதுப் பையனையும் பதினாறு வயதுப் பையனையும் சேர்த்து ஒரே நாளில் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போவது எவ்வளவு பாடு என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். சின்னவனுக்குப் பதினொரு மணிக்கே கால் வலிக்கும். பெரியவனுக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் ஊர் சுற்றவே தோன்றும். நடுவில் பதினான்கு வயது மகள். அவளைப் புத்தகக் கடைக்குள் விட்டுவிட்டு யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். கூடவே அக்கா மகன், ஒன்பது வயது. முட்டி வலியோடு என் மாமியார்.

ஆனாலும் எங்கள் தலைநகரத்தில் காசு அதிகம் செலவழிக்காமல் இத்தனை பேரும் மகிழ்ந்திருக்க வழி இருக்கிறது. வெயில் ஏறுமுன் கொமுட்டர் ரயிலில் பத்துமலை முருகன் கோயில். பிள்ளைகள் 272 படிகளையும் ஏறி இறங்கும்வரை மாமியார் முருகன் சிலைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருப்பார். பிறகு கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்து எல்.ஆர்.டி. ரயில் மாறினால், இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டாலும் சூரியா பேரங்காடிக்குள் இருந்துவிடலாம். மகளுக்கு அங்கேயே கினோகுனியா புத்தகக் கடை இருக்கிறது. மழை விட்டதும் வெளியே 50 ஏக்கர் பூங்கா. சின்னவர்கள் கால் நனைத்து ஆட நீச்சல் தொட்டி, விளையாட்டு மைதானம், எல்லாம் இலவசம். இருட்டியதும் 88 மாடி இரட்டைக் கோபுரத்தில் விளக்கு எரியும். இரவு எட்டு மணிக்கு ஏரியில் நீரூற்று வண்ண விளக்கோடு ஆடும். பெரியவனும் சின்னவனும் ஒரே நேரத்தில் வாய்பிளந்து பார்க்கிற காட்சி அது ஒன்றுதான். அதற்கும் டிக்கெட் கிடையாது.

அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் ரயிலில் சிக்கல் இல்லை. பெர்சியாரான் கேஎல்சிசி நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினால் மாறவே தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சுங்கை பூலோ. இரவு பதினொரு மணிக்கும் ரயில் ஓடுகிறது. இத்தனை கோடி வெள்ளி (ரிங்கிட்) செலவில் ரயில் போட்ட நாட்டில், ரயிலை விட்டு இறங்கிய பிறகு வீடு போய்ச் சேர ஒரு பஸ் இல்லை.

அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் நீரூற்றைப் பார்க்கவில்லை. 7.15ஐப் பிடிக்க வேண்டுமே என்று, வெயில் தணிந்து அவர்கள் அப்போதுதான் தண்ணீரில் இறங்கி ஆடத் தொடங்கிய நேரத்தில், அழ அழக் கரையேற்றித் துவட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். ஏழு மணிக்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஏழேகால், ஏழரை, எட்டு. எங்களோடு காத்திருந்த இரண்டு வங்காளதேசத் தம்பிகள் யாரையோ போனில் அழைத்து மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்கள். பஸ் நிறுவனத்துக்குப் போன் செய்தால் அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும் என்று பதிவு செய்த குரல் சொன்னது.

கிரேப் வாடகைக் கார் பிடிக்கலாமே என்பீர்கள். நாங்கள் ஆறு பேர். சாதாரண காரில் நான்கு பேர்தான் ஏறலாம். ஆறு பேர் ஏறும் காருக்கான அழைப்பை யாரும் ஏற்கவில்லை. திரும்பி வரும்போது ஆள் கிடைக்காத தோட்டத்துச் சாலைக்கு இரவில் யார் வருவார்கள்? அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு சிறிய கார் ஒப்புக்கொண்டது. இப்போது சொல்லுங்கள், அதில் யாரை ஏற்றுவது? நடக்க முடியாத மாமியாரையும் தூங்கி விழும் சின்னவர்களையும் அந்நியர் காரில் தனியே அனுப்புவதா? நான் அவர்களோடு ஏறிப் பதினான்கு வயதுப் பெண்ணையும் அவள் அண்ணனையும் இருட்டில் விட்டுப் போவதா? "அம்மா, நானும் அண்ணனும் அடுத்த கார்ல வர்றோம், நீங்க பாட்டியக் கூட்டிட்டுப் போங்க" என்று என் மகள் பெரிய மனுஷியாகச் சொன்னாள். அடுத்த கார் வரும் என்று அவளுக்கும் நிச்சயம் இல்லை. எனக்கும் இல்லை. காரை ரத்து செய்தேன். பிள்ளைகளின் அப்பாவுக்கு ஆலையில் இரவு ஷிப்ட். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்த அண்ணன் ஒருவர், இரவுச் சந்தையில் கடையைக் கட்டிவிட்டு வேனோடு வந்துதான் எங்களை ஏற்றிக்கொண்டார். எண்ணெய்க் காசு கொடுத்தும் வாங்கவில்லை. வீடு சேர்ந்தபோது மணி பதினொன்றரை. விடிந்தால் பள்ளி.

இரவில் அந்தத் தடத்தில் ஆள் ஏறுவதில்லை என்ற பதில் முன்பும் வந்திருக்கிறது. பஸ்ஸே இல்லாத நேரத்தில் ஆள் எப்படி ஏறும்? ஞாயிற்றுக்கிழமை மாலை நிறுத்தத்துக்கு ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும் கல்லூரிப் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து வரும் தொழிற்சாலைப் பெண்கள், மருத்துவமனையில் உறவினரைப் பார்த்துவிட்டு வருபவர்கள், வாரத்துக்கு ஒரு நாள் நகரம் பார்க்கப் போகும் வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் என்று எல்லோரும் உங்கள் 7.15க்காகத் தங்கள் நாளை நறுக்கிக்கொள்கிறார்கள்.

பஸ் இல்லாத ஊரில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதும் நீங்கள் அறியாததல்ல. பதினாறு வயதானால் மோட்டார் சைக்கிள் ஓட்ட பி2 லைசென்ஸ் எடுக்கலாம். "நீங்க எல்லாரும் பஸ்ல வாங்க, நான் மோட்டார்ல வந்திடுறேன்" என்கிறான் என் மகன். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். லாரிகள் ஓடும், விளக்கில்லாத செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அவனை இரவில் எப்படி அனுப்புவேன்? நம் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு வெளியுலகம் தெரியவில்லை என்று மண்டபம் பிடித்துப் பேசுகிறார்கள். வெளியுலகம் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. போகவும் வரவும் பஸ் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், எங்கள் பெற்றோரின் லயங்களில் பாதி இப்போது இல்லை, தோட்டத்து வேலையும் குறைந்துவிட்டது. நகரத்துக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்று சொன்னவர்களே நகரத்திலிருந்து திரும்பி வரும் வழியை மாலை ஏழேகாலுக்கு அடைத்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். இரண்டு கிரேப் பிடித்து வீடு வந்தால் அந்த ஒரு நாள் கூலியே போய்விடும். நாங்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவோம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் இரவு 9.45க்கு சுங்கை பூலோவிலிருந்து ஒரு பஸ். முழு பஸ் கட்டுப்படியாகாது என்றால் வேன் விடுங்கள், ஏறிக்கொள்கிறோம். முதலில் ஒரு பள்ளி விடுமுறைக்கு மட்டும் ஓட்டி, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏதாவது ஒரு நாள் பஸ் வராது என்றால், காலையிலேயே நிறுத்தத்தில் தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பாமல் வீட்டிலேயே இருந்துகொள்வோம்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். எங்கள் லயத்தில் உள்ளவர்களும் டவுன் கடைக்காரர்களும் இதே கோரிக்கையில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாள்களை உங்கள் அலுவலகத்துக்கு நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு தாய்