நம் வீட்டுச் சாமானை நகர்த்தக் கூலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் வீட்டு அலங்காரப் பக்கத்தைத் தவறாமல் படிப்பேன். படித்துவிட்டு ஒரு பெருமூச்சு, அதோடு சரி. அதில் வரும் ஹாலுக்குள் எங்கள் மொத்த வீட்டையும் வைத்துவிடலாம்.

மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது தரைத்தளம், 780 சதுர அடி. மகனுக்கு வரன் பார்க்கிறோம், பெண் வீட்டார் வந்து போவார்கள் என்று தை மாதம் ஓர் இன்டீரியர் நிறுவனத்தைக் கூப்பிட்டோம். வந்த பையன் லேசர் கருவியால் சுவரை அளந்தான். சாமான்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. 5 லட்சத்து 40 ஆயிரம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. முதல் வரியே 'பழைய பர்னிச்சர் அகற்றுதல்'. அதற்கும் நாங்கள்தான் பணம் தர வேண்டுமாம்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மரத்தூளை அழுத்திச் செய்த டிவி ஸ்டாண்டும் ஷூ ராக்கும் டீயில் நனைத்த பொறை மாதிரி ஊதிப் பிரிந்துபோயின. மாமியாரின் தேக்குக் கட்டிலைத் துடைத்து நிழலில் காயவைத்தோம், அவ்வளவுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் தூள் பலகையா?

எதிர் பிளாக் பெண் இன்டீரியர் டிசைன் படித்தவள். "ஆன்ட்டி, எதுவும் வாங்க வேண்டாம், இருப்பதை வைத்தே மாற்றித் தருகிறேன். ஒரு நாளைக்கு 4,000 கொடுங்கள்" என்றாள். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "நம் வீட்டுச் சாமானை நகர்த்த நாமே காசு கொடுப்பதா?" என்றார். இருபது வருஷமாக அவர் நகர்த்திய லட்சணம் எனக்குத் தெரியாதா?

வந்தவள் முதலில் ஹாலைக் காலி செய்யச் சொன்னாள். நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இதற்குத்தானா 4,000 என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அப்புறம்தான் வேலை நடந்தது. தெற்கு ஜன்னலைப் பாதி மறைத்து நின்ற இரும்பு பீரோ உள் அறைக்குப் போயிற்று. பகலில் டியூப்லைட் போடும் பழக்கம் அன்றோடு நின்றது. பல்லிக்கு மட்டும் தெரிகிற உயரத்தில் மாட்டியிருந்த குடும்பப் படங்கள் கண் மட்டத்துக்கு இறங்கின. லாஃப்டில் மூட்டையாகக் கிடந்த பவானி ஜமுக்காளம் தரைக்கு வந்தது. என் கல்யாணப் பட்டுப்புடவையை வெட்டித் திண்டு உறை தைக்கலாம் என்றதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

ஊஞ்சல் பலகை ஒன்று இருந்தது. கும்பகோணத்து வீட்டை விற்றபோது கொண்டுவந்த ஆறடித் தேக்கு. எங்கள் கூரையில் கொக்கி கிடையாது, கான்கிரீட் போடும்போதே யாரும் யோசிக்கவில்லை. 19 வருஷம் கதவுக்குப் பின்னால் நின்று ஈரத்துண்டு தாங்கியது. அவள் அழைத்துவந்த ஆசாரி, உடைந்த மேசை ஒன்றின் கடைசல் கால்களைக் கழற்றி அதற்குப் பொருத்தினார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கறுப்பு போய்த் தேன் நிறம் வந்தது. வீடு முழுக்கத் தேக்கு வாசனை. மேலே அரக்கு பாலிஷ். இப்போது ஜன்னலோரம் அதுதான் பெஞ்சு.

அவளுக்கு 4,000, ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி 2,800, தூக்க வந்த இருவருக்கு 1,600, பாலிஷ், ஆணி வகையறா 700. மொத்தம் 9,100 ரூபாய்.

நிறுவனங்கள் பலகைக்கும் சதுர அடிக்கும் கணக்குப் போடுகின்றன. 'இருக்கிற பலகையே போதும்' என்று சொன்னால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? அதைச் சொல்ல, யோசனைக்கு மட்டும் கூலி வாங்கும் ஆள் வேண்டும். நமக்கோ, கையில் பொருள் வராத வேலைக்குக் காசு கொடுக்க மனசு வருவதில்லை. அந்தப் பெண்ணையே அக்கம்பக்கத்தில் நாலு பேர் "சும்மா வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, பழைய சாமானை வைத்தே ஒழுங்கு செய்த சின்ன வீடு ஒன்றின் படத்தைப் போடுங்கள். படத்துக்குக் கீழே ஆன செலவையும் போடுங்கள். முதல் படத்துக்கு எங்கள் வீடு தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை